சூசையப்பருக்குப் பிந்திய சினை

மீனின் வயிற்றைப் பெருவிரலால் ஒரு தடவை அழுத்தினால் போதும், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாளில் விடும், எல்லாம் சொல்லுவார். சொன்னது சரியாகவே இருக்கும். நாங்கள் யாரும் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனாலும் அவருக்கு அது போதாது. "திறந்து பாப்பம்" என்பார். கத்தியை எடுத்துக் கீழிருந்து மேலாகக் கீறி, இரண்டு பக்கமும் விரித்து, பக்கத்தில் நிற்கிறவரின் முகத்துக்கு நேரே பிடிப்பார். மஞ்சளாய், இரட்டையாய்ச் சினை வெளியே சரியும். அந்த நேரத்தில் அவர் மீனைப் பார்ப்பதில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். ஒருவர் எதையாவது ஒளித்து வைத்திருந்தால் எப்படியோ மணந்து பிடித்துவிடுவார். பிடித்தபின் சும்மா இருக்க மாட்டார். நாலு பேர் நிற்கும் நேரம் பார்த்துத் திறப்பார். அவர் பொய் சொன்னார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. பொய் சொல்லுகிற ஆளென்றால் திட்டலாம், நம்பாமல் விடலாம். உண்மையை மட்டுமே சொல்லிக்கொண்டு திரிகிற ஒருவரை என்ன செய்வது?

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்தில் இருக்கிற தமிழர் பாதிப்பேருக்கு வீடு, மாடி, கதவு நிறம் எல்லாம் தெரிந்துவிடும். மன்னார்க்காரர். அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் இரண்டாம் மாடி, அவரும் மனைவியும் மூன்றாம் மாடி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் தங்கச்சி என்பார். லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவுவதும் வாசலைப் பார்ப்பதும் அவர் வேலை. நானும் அந்தப் பக்கம்தான், ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலி அம்மாவை, பராமரிக்கிற வேலை. காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. ஓய்வு நாளெல்லாம் கடற்கரையில் கிடக்கிற தூண்டில்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. கையை மட்டும் அடிக்கடி மணந்து பார்ப்பார்.

உதவி செய்யாத ஆள் என்றும் சொல்லக்கூடாது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விடியலில் வந்து வரிசையில் நிற்பார், படிவம் நிரப்புவார், உள்ளே இருக்கிறவனோடு கை காலை ஆட்டிக் கதைத்துக் காரியத்தை முடிப்பார். ஒரு கோப்பி கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஆனால் படிவத்தில் நீங்கள் எழுதியது அன்று பின்னேரமே ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு தம்பி ஹோட்டலில் மேற்பார்வை செய்கிறேன் என்று சொல்லிப் பெண் எடுத்திருந்தான். மாமனார் ஜெர்மனியிலிருந்து வந்து படியேறும்போது இவர் நடுப்படியில் நின்று அந்தத் தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பினார். "பாருங்கோ ஐயா, தோல் எப்பிடி ஊறிப்போய்க் கிடக்குது. ரெண்டு வருசம் கோப்பை கழுவினால்தான் இப்பிடி வரும்" என்றார். பெரிய இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த மாமனார் சாப்பிடாமலே திரும்பிப் போனார்.

இனி மீனுக்கு வருகிறேன். இங்கே ஸ்பிகொலா என்று ஒரு மீன் இருக்கிறது. எங்கள் கொடுவாவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். தமிழ் ஆட்கள் எல்லோரும் கொடுவா என்றே சொல்லுவோம். குளிர்காலத்தில் சினை வைக்கும். ஒரெத்தோ ஆறு கடலில் விழுகிற இடத்தில், அழுக்குத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற கல்லணையில், ஏழெட்டு இத்தாலிக் கிழவர்கள் வருடக் கணக்காகத் தூண்டில் போட்டு வந்தார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மார்கழியில் லூசியம்மாள் திருநாள் தொடங்கிப் பங்குனியில் சூசையப்பர் திருநாள் வரைக்கும் வயிறு பருத்த கொடுவா யாருக்குப் பட்டாலும் கடலில் திரும்ப விடவேண்டும். சூசையப்பருக்குப் பிறகு எதையும் எடுக்கலாம், ஏனென்றால் தாய்மீனெல்லாம் அதற்குள் முட்டை விட்டுப் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இதைச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கிழவர்தான் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றி வந்தவர். புதிதாக வருகிறவர்களை அவரே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். மீறினவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் தூண்டில் போட மாட்டார்கள்.

அண்ணையும் அந்தக் கட்டுப்பாட்டை ஒழுங்காகவே காத்தார். சூசையப்பர் திருநாளுக்கு அடுத்த நாள்தான் அவருக்குப் பெருநாள். அதற்குப் பிறகு வருகிற தவக்கால வெள்ளிகளில் எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடங்களுக்கும் சினைக்கொடுவா வந்து சேரும். நாங்கள் வெள்ளியில் இறைச்சி தொட மாட்டோம் என்பதால் ஆவலாக வாங்குவோம். சினையை மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் பொரித்தால் வீடு மணக்கும். சித்திரை பிறந்த பிறகும் சினை இருக்கிறதே என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அவர் யோசித்திருந்தார். இந்தக் கடலில் கொடுவா கிழவர்களின் கணக்குக்கு முட்டை விடுவதில்லை, தண்ணீர் குளிர்ந்து கிடக்கிற வருடங்களில் சித்திரை நடுப்பகுதி வரைக்கும் தாய்மீன் வயிறு நிறைய நிற்கும் என்று வந்த இரண்டாம் வருடமே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து எட்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. கிழவர்கள் தாய்மீனைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, சூசையப்பருக்குப் பிறகு தாய்மீனாகவே பிடித்துப் பையில் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, தங்கினது தெரியும் முன்னே போனது. அவருடைய வீட்டுக்குக் கீழே நாங்கள் குடிவந்த முதல் தவக்காலத்தில் அவர் கதவைத் தட்டினார். பின்னால் படியில் மூன்று பெண்கள் நின்றார்கள். கையில் ஒரு கோப்பை நிறையச் சினை.

"தங்கச்சி, இது உமக்குத்தான். சாப்பிடும். வயித்திலை ஏதாவது தங்கட்டும்."

வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது? கதவைச் சாத்திவிட்டு அந்தச் சினையைக் குப்பையில் கொட்டினேன். கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "கொட்டிப்போட்டீர் என்ன" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம், ஒவ்வொரு தவக்காலமும், நாலு பேர் நிற்கிற நேரம் பார்த்து அந்தக் கோப்பை வரும். அவருடைய மனைவி, நான் அக்கா என்பேன், நல்ல மனுசி. அவரிடம் என் கவலையெல்லாம் சொல்லி அழுவேன். நான் சொன்னதை அவர் தன் கணவரிடம் சொல்லுவார், பாவம், அவருக்கும் சொல்லி ஆற யாராவது வேண்டுமே. அப்படித்தான் என் வயிற்றுக் கதை எல்லாம் மேல்மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆறாம் வருடம் சித்திரை முதல் ஞாயிறு. பூசை முடிந்து நானும் என் கணவரும், அண்ணையும் அக்காவும் சாப்பாடு கட்டிக்கொண்டு கல்லணைக்குப் போனோம். கிழவர்கள் எல்லோரும் இருந்தார்கள். காலையிலிருந்து அண்ணைக்கு மட்டும் மூன்று மீன் பட்டிருந்தது. பஸ் ஓட்டின கிழவருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் ஆட்களுக்குக் கடலில் எதை விடுவது எதை எடுப்பது என்று தெரியாது, எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போவீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் கணவருக்கு முகம் சிவந்துபோனது. அண்ணை தன் தூண்டிலைக் கல்லில் வைத்தார். எழுந்து போய்க் கிழவரின் பைக்குள் கையை விட்டு, அவர் பிடித்த மீனிலேயே பெரியதை எடுத்தார். பெருவிரலால் அழுத்தினார். பிறகு கல்லின்மேல் வைத்துக் கீறி விரித்தார்.

வயிறு நிறையச் சினை இருந்தது. இன்னும் ஒன்றை எடுத்தார். அதிலும் இருந்தது.

தன்னுடைய அரைகுறை இத்தாலியில், மிக மரியாதையாக, "சூசையப்பர் போய் எத்தனை நாள், ஐயா?" என்று கேட்டார். "நீங்கள் எத்தனை வருடமாக இப்படிப் பிடிக்கிறீர்கள்? முப்பது? ஒரு வருடத்தில் எத்தனை தாய்?"

கிழவர் அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது இந்த வருடக் குளிரால் வந்தது, ஒவ்வொரு வருடமும் இப்படி இராது என்று யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள். அண்ணை இல்லை என்று தலையாட்டினார். "எட்டு வருடமாக நான் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் இப்படித்தான்" என்றார். "அப்ப ஏன் சொல்லவில்லை?" என்று கிழவர் கேட்டார். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார் அண்ணை.

கிழவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போனார். பிறகு அவர் கல்லணைக்கு வரவேயில்லை. அன்று எங்களுக்கெல்லாம் முதலில் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். எங்கள் ஆள் வென்றுவிட்டார் என்று. வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் மட்டும், "எட்டு வருசம் வைச்சிருந்து குத்தியிருக்கிறான்" என்றார்.

அதே கிழமை வெள்ளிக்கிழமை என் முறை வந்தது.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. உடம்பு கொதிப்பதும் குளிர்வதுமாக இருந்தது. முடிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டாக்டரும் வயதைக் கேட்டுவிட்டு அப்படித்தான் சொன்னார், ஹோர்மோன் குளிசைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். மேலே போய் அக்காவிடம் சொல்லி அழுதேன். அந்தத் துண்டையும் காட்டினேன்.

வெள்ளி பின்னேரம் கோயில் மண்டபத்தில் சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் கஞ்சியோடு நின்றோம். ஐம்பது அறுபது பேர் இருக்கும். கல்லணைக் கதையை அண்ணை ஐந்தாறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"எங்கடை தங்கச்சியும் அந்தக் கிழவன் மாதிரித்தான். நாள் நிண்டு போச்சாம், எல்லாம் முடிஞ்சுதாம், குளிசை போடப் போறாவாம்" என்றார். "அவசரப்படாதையும் தங்கச்சி. சூசையப்பருக்குப் பிறகும் சினை இருக்கும். போய்த் திறந்து பாரும்."

ஆண்களும் பெண்களுமாக மண்டபமே சிரித்தது. என் கணவர் கஞ்சிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூடப் பார்க்காமல் வெளியே போனார். அவமானம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கால் நகத்திலிருந்து எரிந்துகொண்டு வந்தது. அவர் நாசமாய்ப் போகவேண்டும் என்று இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டினேன்.

குளிசையைப் போடாமல் வைத்துவிட்டு, திங்கட்கிழமை ஃபார்மசியாவில் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி வாங்கினேன். ஆசையில் வாங்கவில்லை. இல்லை என்று வந்ததும் அதைக் கொண்டுபோய் அவருடைய முகத்தில் எறியவேண்டும், அவரும் ஒருதடவை பிழை என்று படிக்கட்டில் நின்று கத்தவேண்டும் என்றே வாங்கினேன். சிஞ்ஞோராவின் வீட்டுக் குளியலறையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு.

கார்த்திகையில் மகள் பிறந்தாள். இப்போது எட்டு வயது. அந்தக் குளிசைகள் என்ன செய்திருக்கும் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். நான் யாரிடமும் கேட்கவில்லை. அவர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அடுத்த நாள் காலையில் முதல் குளிசையைப் போட்டிருப்பேன் என்பது மட்டும் தெரியும். என் பிள்ளைக்காக நான் நன்றி சொல்லவேண்டிய ஒரே மனிதர் அவர். நன்றி வாயில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஞானஸ்நானத்தன்று ஒரு கொடுவாவோடு வந்து, "நான் சொன்னனான்" என்றார், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, கோயிலில் வைத்த பெயர் ஒன்று. அவர் வைத்த பெயர் சினை. "எடியே சினை, இஞ்சை வா" என்று மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிடுவார். ஒழுங்கையில் விளையாடுகிற இத்தாலிப் பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமலே சினை, சினை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அர்த்தத்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். "மம்மா, நான் பேஷெயா?" பேஷெ என்றால் மீன். இல்லையடி என்று கட்டிப்பிடித்தேன்.

ஆனால் இதையும் சொல்லவேண்டும், அவளுக்கு அவரைப் பிடிக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிற பெரியவர் அவர் ஒருவர்தான். செத்தால் எங்கே போவது, நாய்க்குட்டி எப்படிப் பிறக்கிறது, மம்மாவும் பப்பாவும் ஏன் சண்டை பிடிக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். "ஆர் நிண்டாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லு. உள்ளதைச் சொல்லுறவளுக்குப் பயமில்லை" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கொடுத்த புத்தியெல்லாம் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டவள், இதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்திருந்தது. பிள்ளைகள், தாய்மார், பள்ளிக்கூட ஆசிரியையான மாயெஸ்த்ரா கூட வந்திருந்தார். மகள் அண்ணையின் மடியில் இருந்தாள். பலூன் ஒன்றை ஊதிக்கொண்டே, விளையாட்டாகச் சொல்லுவது போலச் சொன்னார்.

"சினை, உனக்குத் தெரியுமே? நீ வயித்திலை இருக்கேக்கை உன்ரை அம்மா உன்னை ஏதோ நோய், வருத்தம் எண்டு நினைச்சவ. குளிசை போடப் போனவ. நான்தான் மறிச்சனான்."

அவள் இறங்கி என்னிடம் வந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மம்மா, குளிசை போட்டிருந்தா நான் செத்திருப்பனா?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அன்று இரவிலிருந்து பல மாதம், தலையிடிக்குக் கூட நான் குளிசை எடுத்தால் வந்து என் கையை விரித்துப் பார்ப்பாள். ஒருதடவை என் கைப்பையிலிருந்த குளிசைகள் எல்லாவற்றையும் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் விட்டாள். ஆறு வருடம் கோப்பை கோப்பையாகக் கொண்டுவந்து தந்த அவமானத்தை நான் மன்னித்திருப்பேன். மண்டபத்தில் சிரித்த சிரிப்பையும் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது பொய்.

போன மாசி மாதம் அண்ணை சாப்பாடு இறங்கவில்லை என்றார். பிறகு கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். வயதானவர்களைப் பார்த்துப் பார்த்து டாக்டர்மார் பேசுகிற இத்தாலி எனக்குப் பழக்கம் என்பதால் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அரைமணி நேரத்தில் வெளியே வந்தார். திறந்தோம், பார்த்தோம், ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டோம் என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நடையின் மறுமுனைக்கு ஓடினார். டாக்டர் என்னை நிறுத்தி இன்னும் ஒன்று சொன்னார். இவருக்கு எங்காவது போகவேண்டும், யாரையாவது பார்க்கவேண்டும் என்றால் இந்த மூன்று கிழமைக்குள் போகட்டும், அதற்குப் பிறகு இவரை விமானத்தில் ஏற்ற முடியாது.

அக்கா திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "இவருக்குச் சொல்லாதை பிள்ளை. உடைஞ்சு போடுவார். வீக்கம், வெட்டி எடுத்தாச்சு எண்டு சொல்லுவம்." சரி என்றேன். டாக்டர் பிறகு என்ன சொன்னார் என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் யாரைப் பார்க்கப் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். மன்னாரில் முதல் தாரத்து மகள் இருந்தாள். ஏழு வருடம் முன்னே அவளுக்குக் கல்யாணம் பேசினபோது, மாப்பிள்ளையை டெலிபோனில் கூப்பிட்டு, சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததை இவர்தான் சொன்னார். மறைத்துக் கல்யாணம் செய்யக்கூடாது என்பது இவர் நியாயம். மாப்பிள்ளை நல்லவன், கட்டினான். ஆனால் அவனுடைய தாய் அன்றிலிருந்து அந்தப் பெண்ணை ஒரு மாதிரிதான் பார்த்தாள். மகள் தகப்பனோடு கதைப்பதை விட்டாள். இரண்டு பேரப்பிள்ளைகளை இவர் படத்தில்தான் பார்த்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஞாயிறு நான் மேலே போனேன். அக்கா பூசைக்குப் போயிருந்தார். மகளை விட இடமில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, திறந்து பாத்தவங்கள்தானே?"

"ஓம் அண்ணை."

"என்ன இருந்தது?"

"வீக்கமாம். வெட்டி எடுத்திட்டாங்கள்."

அவர் சட்டையை விலக்கிக் கட்டுக்கு மேலே தன் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். அழுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். முடிந்தது, பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் இருபது வருடமாகச் சாகப்போகிற சிஞ்ஞோராமாருக்கு, இன்று நல்லாய் இருக்கிறீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் முகம் பழகிப்போயிருந்தது.

"உம்மடை அக்கா என்னட்டை ஒளிப்பா. கோயில் சுவாமியும் ஒளிப்பார்" என்றார். "நீர் ஒளிக்கமாட்டீர். நீர் என்னிலை கோவம். எனக்குத் தெரியும். கோவமா இருக்கிற ஆக்கள் முகத்துக்கு நேரை உள்ளதைச் சொல்லுவினம். அதுதான் உம்மட்டைக் கேக்கிறன். மகளட்டைப் போகவேணும். நேரை போய் நிண்டால் கதவைச் சாத்தமாட்டாள். காலிலை விழவும் நான் ரெடி. இப்ப போறதோ, சித்திரை கழிஞ்சு போறதோ? இப்ப எண்டு சொன்னீரெண்டால் நாளைக்கே ரிக்கெற் போடுவன்."

அவருடைய கண் என் முகத்தில் இருந்தது. என் கண் மகளின் தலையில் இருந்தது. குனிந்து வட்டம் வட்டமாக எதையோ கீறிக்கொண்டிருந்தாள்.

"சித்திரை கழிஞ்சு போங்கோ அண்ணை. நல்லா நேரம் இருக்கு. இப்ப கொடுவா வாற நேரமெல்லோ."

முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். சூசையப்பருக்குப் பிறகுதானே நல்ல சினை" என்றார். அவர் ஒன்றைத் திறந்து பார்க்காமல் நம்பினதை அன்றுதான் கண்டேன்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சொன்னேன் என்று எழுதலாம். நோயாளியின் மனம் உடையக்கூடாது என்று சொன்னேன் எனவும் எழுதலாம், வாசிக்கிறவர்கள் நம்புவார்கள். அப்படி இல்லை. வீக்கம் என்று சொன்னது அக்காவின் பொய். நேரம் இருக்கிறது என்று சொன்னது என்னுடையது. சொல்லும்போது எனக்கு இனித்தது.

பிறகு வந்த நாட்களை நான் எண்ணினேன். முதல் கிழமை மேலே ரீல் சுற்றுகிற சத்தம் கேட்டது. கட்டிலில் இருந்தே தூண்டில்களைச் சரிசெய்தார். இரண்டாம் கிழமை சத்தம் குறைந்தது. மூன்றாம் கிழமை முடிகிற நாள் சூசையப்பர் திருநாளுக்கு முதல் நாள். பின்னேரம் ஒழுங்கைப் பிள்ளைகள் திருநாள் வழக்கப்படி தீ மூட்டுவதற்காக உடைந்த கதிரைகளையும் கதவுப் பலகைகளையும் கல்லில் இழுத்துக்கொண்டு போனார்கள். என் மகளும் அவர்களோடு ஓடினாள். நான் படியேறினேன். இன்றைக்குச் சொன்னாலும் நாளைக்கு எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். பாதிப்படியில் நின்றேன். மேலே அவர் இருமினார். அடுப்பில் சோறு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துச் செத்தார். கடைசி இரண்டு நாள் மன்னாரில் இருந்த தன் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று அக்கா சொன்னார். நான் போகவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். யாரோ ஒரு கொடுவாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதைக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் வயிறு பருத்துக் கிடந்தது. என் மகள் மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்தாள். டெலிபோன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால், "நீ கதை பிள்ளை, எனக்கும் கேக்கச் சத்தமாப் போட்டுவிடு" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

மன்னாரிலிருந்து அவருடைய மகள். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்கிற அவளுடைய குரல். என்னைத் தெரியாது, ஆனாலும் அன்ரி என்றாள்.

"அன்ரி, அப்பா என்னட்டை வர நினைச்சவரோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"நினைச்சவர் பிள்ளை. சித்திரை கழிஞ்சு வர இருந்தவர்."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "ஒப்பரேசன் முடிஞ்ச உடனை வந்திருக்கலாமே? வந்திருந்தால் நான் பாத்திருப்பன். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டிருப்பன். நேரம் இருக்கெண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

"டாக்டர்" என்றேன்.

என் மகள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இல்லை மம்மா. டொத்தோரே சொல்லேல்லை. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அக்கா தண்ணீரை மூடினார். மன்னாரில் அவள் இன்னும் டெலிபோனை வைக்கவில்லை.